அக்காவின் ஐந்து ஏக்கர்

தான்சானியாவில் நான்கு வருடம் நான் பார்த்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மக்காச்சோளம் போடும் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, நிலப் பத்திரத்தில் புருஷன் பேரோடு உங்கள் பேரும் ஏறாமல் எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்காதீர்கள் என்று சொல்வது. மண்ணைக் காப்பது, விதையைச் சேமிப்பது எல்லாம் அதற்கு அப்புறம்தான். அந்த ஊர்ப் பாஷையில் சொல்ல ஒருவர் கூடவே வருவார். கைதட்டுவார்கள். எனக்கும் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

இரண்டாவது வருட லீவில் சங்கரன்கோவில் வந்தேன். அப்பா இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பனவடலிசத்திரம் பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர் கரிசல், மழையை நம்பிய காடு. அதில் பாடுபட்டது அக்கா. கல்யாணமான மூன்றாம் வருடமே புருஷனைப் பறிகொடுத்து வீட்டுக்கு வந்தவள். விதைப்பு, களையெடுப்பு, பன்றிக் காவல் என்று பதினெட்டு வருடம் அந்தக் காட்டிலேயே கிடந்தாள். தம்பிக்குக் கோயம்புத்தூரில் வேலை. பொங்கலுக்கு வந்தால் வரப்பில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வான்.

அப்பா போனதும் பெண் பிள்ளைகள் தங்கள் பங்கை விட்டு ஆண் பிள்ளைக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பது எங்களில் வழக்கம். யாரும் வற்புறுத்த மாட்டார்கள். தம்பி ஆளுக்கொரு சேலை எடுத்துத் தருவான், பத்திர ஆபீஸ் வேலை முடிந்ததும் ஓட்டலில் சாப்பாடு. பங்கு கேட்டவளுக்குப் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுப்போகும். சட்டம் சமபங்கு தருகிறது என்பது எனக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் நான்.

பத்திர ஆபீஸில் நான் முதலில் கையெழுத்துப் போட்டேன். வெளிநாட்டில் சம்பாதிக்கிறவள் மண்ணுக்கு ஆலாய்ப் பறக்கிறாள் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாதே என்ற வீறாப்பு. அக்கா பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, இதுல போட்டுட்டாலும் புஞ்சை எங்கிட்டதான இருக்கும்?"

"தம்பி என்ன அந்நியனா? சீக்கிரம் போடுக்கா, எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு" என்றேன்.

போட்டாள். அந்த ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வேலை முடிந்து ஊருக்கே திரும்பிய ஐப்பசியில் அக்கா உளுந்து விதைத்திருந்தாள். நல்ல மழை. செடி பூவும் பிஞ்சுமாக நின்றபோது ஒரு லாரி வந்து வேலிக்கல்லை அதன் மேலேயே இறக்கியது. சோலார் கம்பெனிக்குத் தம்பி காட்டை விற்றிருந்தான். சுற்றிலும் பலர் கொடுத்துவிட்டார்கள், நடுவில் இதை மட்டும் வைத்து என்ன செய்ய என்று போனில் கேட்டான். அக்கா சாப்பாட்டுக்குத் தான் பொறுப்பு என்றும் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். திட்டித் தீர்க்கக்கூட ஆள் இல்லை, என்னைத் தவிர.

வக்கீலைப் பார்த்தேன். மனமொப்பிக் கொடுத்தது, இனி ஒன்றும் நடக்காது என்றார். தாலுகா ஆபீஸில், கம்பெனி ஆபீஸில், தெரிந்தவர், தெரியாதவர் என்று எல்லாரிடமும் போய் நின்றேன். அறுப்பு வரைக்குமாவது விடுங்கள் என்று கெஞ்சினேன். சுத்தமான மின்சாரம் மேடம், நாட்டுக்கு நல்லது என்றார் ஓர் அதிகாரி. நானும் மேடைகளில் அதைத்தான் பேசியிருந்தேன். மறுநாள் பொக்லைன் இறங்கியது.

அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், முகத்தில் காறித் துப்பியிருந்தால்கூட, நான் எழுந்து நின்றிருப்பேன். அவள் பாட்டுக்குச் சோறு வடித்தாள், எனக்கும் போட்டாள். விடிந்ததும் பழக்கத்தில் களைகொத்தியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டுத் திரும்புவாள். அதைப் பார்த்து நான் படுக்கையில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மாசியில் ஒருநாள் ஒரு தாளோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சோலார் பலகை துடைக்க ஆள் எடுக்கிறார்களாம். பெண்களுக்கு முன்னுரிமை என்று தாளின் தலையிலேயே அச்சடித்திருந்தது.

"நீ எழுதிக் குடு. உன் கையெழுத்து நல்லாருக்கும்."

பேர், வயது, ஊர் எல்லாம் எழுதினேன். தொழில் என்ற இடம் வந்ததும் அவளிடம் கேட்காமலே 'விவசாயம்' என்று ஆரம்பித்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"அத அடிச்சிரு. காட்டுக்காரின்னு தெரிஞ்சா வம்பு வரும்னு சேக்க மாட்டாங்க. கூலின்னு எழுது."

அடித்துவிட்டு எழுதினேன்.

கீழே கோடு போட்டிருந்த இடத்தைக் காட்டி, "இங்கனதான போடணும்?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.