சூப்பர் தின்ற வேலிக்கருவை

எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூர்ப் பக்கம் ஒரு அரசாங்க ஆபீசில் களப் பணியாளனாகச் சேர்ந்தேன். எனக்கு மேலே ஒரு அதிகாரி. நல்ல மனிதர்தான். ஆனால் சும்மா கிடக்கிற நிலத்தைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது.

வரதராஜன்பேட்டைக்குப் போகிற வழியில் ஒரு மேய்ச்சல் புறம்போக்கு இருந்தது. சரளைச் செம்மண். குட்டைப் புல், இடையிடையே கொழிஞ்சியும் நரிப்பயறும். கொழிஞ்சி அவரை இனத்துச் செடி. வேரில் முடிச்சு கட்டி, காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். யாரிடமும் எதையும் கேட்காது. எதையும் கேட்காத செடிக்கு என்ன திட்டம் போடுவது?

“இதெல்லாம் ஒரு மண்ணாய்யா? மணிச்சத்தே இல்ல. சூப்பர் போட்டு முயல் மசால் வெதைச்சா ஊரே பால் கறக்கும்,” என்றார் அதிகாரி.

முயல் மசால் வெளிநாட்டிலிருந்து வந்த தீவனச் செடி. அதுவும் அவரை இனம்தான். மணிச்சத்து தரும் சூப்பர் பாஸ்பேட் உர மூட்டைகள் வந்தன. கிழக்குப் பாதியில் தூவி முடித்ததும் தீர்ந்துபோயின. மேற்குப் பாதிக்கு ‘அடுத்த கட்டம்’ என்று பெயர் வைத்தோம். கிழக்கே மசால் விதைத்து, ‘மாதிரி மேய்ச்சல் நிலம்’ என்று பலகை நட்டு, ஆடு மாடு நுழையத் தடை போட்டு, ஒரு காவல்காரரையும் வைத்தோம்.

பக்கத்து ஊரில் ஆடு வளர்க்கும் அம்மா ஒருவர் வந்து கேட்டார். “மேய்ச்சல் நெலத்துல மேய்க்கக் கூடாதுன்னா நான் எங்கங்க போறது? மேற்குப் பாதி மட்டும் பத்தாதுங்க.”

“செடி வளரட்டும்மா,” என்றேன்.

“அதுவரைக்கும் ஆடு பொறுத்துக்குமாங்க?”

ஆடு பொறுக்கவில்லை. காவல்காரர் சாப்பிடப் போகும் நேரத்தில் நுழைந்தது. வழியெல்லாம் சீமைக்கருவேலம் என்கிற வேலிக்கருவையின் காயைத் தின்றுவிட்டு வந்த ஆடு அது. புழுக்கையோடு விதையும் விழுந்தது, கிழக்கிலும் மேற்கிலும்.

முதல் மழைக்கு மசால் நன்றாகவே வந்தது. அதிகாரி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்த மழைக்கு மசாலைத் தள்ளிக்கொண்டு வேலிக்கருவை எழுந்தது. அதன் நிழலில் கொழிஞ்சி வெளுத்துச் செத்தது. மேற்கே விழுந்த விதையும் முளைத்தது, ஆனால் சாண் உயரத்திலேயே சோர்ந்து நின்றது. கொழிஞ்சி அங்கே வழக்கம்போல் ஊதாப் பூ பூத்தது.

“சார், சூப்பர் போட்ட எடத்துலதான் கருவை இப்படி ஏறுது. அதுவும் அவரை இனம்தான். மசாலுக்குப் போட்டதை அது சாப்பிடுது,” என்றேன்.

பேனாவை என்னிடம் நீட்டினார். “அப்ப உரம் நல்லா வேலை செய்யுதுன்னு எழுது.”

திருச்சியிலிருந்து பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். ஜீப்பில் இருந்தபடியே, “நல்லா பசுமையா இருக்கே,” என்றார். இறங்கிய மூன்றாவது அடியில் முள் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியது. நான் குனிந்து பிடுங்கினேன்.

“என்ன செடி இது?”

“உயிர் வேலி சார்,” என்றார் எங்கள் அதிகாரி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

சில மாதத்தில் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. ஆனாலும் வழியனுப்பு விழாவில் மாலை வாங்கி வந்தவன் நான்தான்.

ஆட்டுக்கார அம்மா கிழக்கே கருவை வெட்டிக்கொண்டிருந்தார். “வெறகுக்குக் கவலை இல்லைங்க. ஆட்டத்தான் பாதி வித்துட்டேன்,” என்றார். மிச்ச ஆடுகள் மேற்கே புல் மேய்ந்தன.

புதிதாக வந்த அதிகாரி மேற்குப் பாதியைப் பார்த்துவிட்டு, “இங்க ஏன் ஒண்ணும் போடல?” என்று கேட்டார். நான் அவரைக் கிழக்குப் பாதிக்குள் அழைத்துப் போனேன். சட்டை கிழிந்து வெளியே வந்தார். அதன்பின் மேற்கே ஒரு மூட்டையும் இறங்கவில்லை. நான்தான் அந்த நிலத்தைக் காப்பாற்றினேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷத்து உரம் வேறு ஒன்றியத்துக்குப் போய்விட்டது என்று அப்புறம் ஆபீசில் சொன்னார்கள்.