காதைத் தொட்டால் வலது மூலை

காலையில் விளையாட்டரங்கத்தின் கதவில் சாவியை நுழைக்கும்போது ரிம்விதாஸ் மூச்சைப் பிடித்துக்கொள்வார். சாவி திரும்பிய பிறகுதான் மூச்சை விடுவார். போலந்தில் ஒரு திங்கட்கிழமை சாவி திரும்பவில்லை. பூட்டை மாற்றியிருந்தார்கள். வேலை போன சேதி அவருக்கு அப்படித்தான் தெரிந்தது.

மனிதர் கூடைப்பந்து கோச். சொந்த நாடு லித்துவேனியா என்றாலும் பிழைப்பு ஊர் ஊராக ஓடியது. லாத்வியா, பின்லாந்து, போலந்து, ஐஸ்லாந்து, ஜெர்மனியின் இரண்டாம் டிவிஷன், நடுவில் லெபனானில் ஒரு குளிர்காலம். போன இடமெல்லாம் அவருக்கு ஒரு சந்தேகத்தைச் சொல்லிக்கொடுத்து அனுப்பியது. பின்லாந்தில் புதுக் கோச் வரப்போகிறார் என்பதை அணியின் பஸ் டிரைவர்தான் சொன்னார், அதுவும் இவர் வேறு நல்ல வேலைக்குப் போவதாக நினைத்து வாழ்த்து சொல்லி. அன்றிலிருந்து எந்த டிரைவர் சிரித்தாலும் இவர் பதிலுக்குச் சிரிக்க மாட்டார். கிளப் தலைவர் தோளில் தட்டினால் வீட்டுக்கு வந்து கட்டிலுக்கடியில் பெட்டி இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்.

"எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பெட்டியை முழுசா காலி பண்ணினதில்ல. நான் வாக்கப்பட்டது உங்களுக்கா, அந்தப் பெட்டிக்கான்னே தெரியல" என்பாள் மனைவி நியோலே.

அறுபதை நெருங்கும்போது அல்க்ஸ்னே என்ற சின்ன ஊரின் அணி அவரைக் கூப்பிட்டது. சொந்த நாடு, சொந்த பாஷை, குளிர்ந்த பீட்ரூட் சூப். நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் லித்துவேனியாவில் கூடைப்பந்து கோச்சாக இருப்பதும் நடுத்தெருவில் குளிப்பதும் ஒன்றுதான். எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும். அணி தோற்ற மறுநாள் ரொட்டிக் கடைக்காரி கறுப்பு ரொட்டியை முகம் பார்க்காமல் நீட்டுவாள். "அந்த நெட்டையனை இன்னும் எதுக்கு ஆட வைக்கிறீங்க?" என்று ரொட்டியோடு சேர்த்து ஒரு கேள்வியும் தருவாள்.

அந்த வருஷம் தோல்விக்குப் பஞ்சமே இல்லை. கடைசி இடத்தில் முடித்தால் கீழ் லீக்குக்கு இறங்க வேண்டும். இறங்கினால் இந்த வயதில் வேறு எவனும் அவரைக் கூப்பிட மாட்டான். தோற்றதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். தோற்ற விதம்தான் பொறுக்கவில்லை. இவர் காதைத் தொட்டால் பந்து வலது மூலைக்குப் போகவேண்டும் என்று அர்த்தம். இவர் கை காதை எட்டுவதற்குள் எதிரணிக்காரன் ஒருவன் வலது மூலையில் நின்றுகொண்டிருந்தான். தலையில் முஷ்டியை வைத்தால் உயரமானவன் கூடைக்கடியில் ஓட வேண்டும். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

சைகைகள் அவருடைய சொந்தச் சொத்து. ஒரே அணியில் நாலு பாஷைக்காரர்கள் ஆடும் ஊர்களில் கத்திப் பிரயோஜனமில்லை என்று அவரே உண்டாக்கியவை. போன நாடெல்லாம் அவற்றையே கொண்டுபோனார். அதில் ஒன்று ஆட்டத்துக்கே சம்பந்தமில்லாதது. தப்பு செய்தவன் யாரும் சொல்லாமல் தானே கையைத் தூக்க வேண்டும். தூக்காதவனை மறு ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்.

உள்ளேயிருந்து யாரோ காட்டிக்கொடுக்கிறான். அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. முதலில் பந்து கொண்டுபோகும் பையனைச் சந்தேகித்தார், அப்புறம் பிஸியோவை, பிறகு இந்த ஊர் பஸ் டிரைவரை. கடைசியில், வேண்டாம் வேண்டாம் என்று மனசு சொல்லச் சொல்ல, வீகாந்தாஸ் மேல் வந்து நின்றார்.

வீகாந்தாஸ் அவருடைய உதவிக் கோச். பின்லாந்திலிருந்து கூடவே இருப்பவர். இவர் வேலை போனால் அவருக்கும் போகும், இவர் கிளம்பினால் அவரும் கிளம்புவார். காளான் எங்கே முளைக்கும் என்பதைப் பெற்ற பிள்ளைக்கும் சொல்லாத ஊர் இது. வீகாந்தாஸ் தன் இடத்தை இவருக்குக் காட்டியிருந்தார். அப்படிப்பட்ட மனிதர் இப்போது கார் நிறுத்துமிடத்தில் ஒதுங்கி நின்று போன் பேசுகிறார். ரிம்விதாஸ் கிட்டே போனால் "சரி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறார். அது போதாதென்று, இவரைச் செல்லமாக ரிமாஸ் என்று கூப்பிட்டு, வாரம் தவறாமல் ஒரே பல்லவி.

"சைகையை மாத்திடு, ரிமாஸ். ரொம்பப் பழசாயிடுச்சு."

எல்லாவற்றையும் விற்றுவிட்டு, மாட்டிக்கொள்வதற்குள் மாற்றச் சொல்கிறான் என்று ரிம்விதாஸ் கணக்குப் போட்டார். நியோலேயிடம் சொன்னபோது அவள் கரண்டியை மேஜையில் போட்டாள்.

"வீகாந்தாஸா? உங்களுக்கு என்ன, புத்தி பேதலிச்சிடுச்சா? உங்களைச் சகிச்சுக்கிட்டு இருக்கறது நானும் அவரும் மட்டுந்தான்."

"அதான் எனக்குச் சந்தேகமே. அவன் எதுக்குச் சகிச்சுக்கணும்?"

பயிற்சி முடிந்து இருவரும் நீராவிக் குளியலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஊர் வழக்கப்படி வீகாந்தாஸ் பூர்ச்ச மரத்தின் இலைக் கொத்தால் இவர் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்.

"போன்ல யாரு?" என்றார் ரிம்விதாஸ், திரும்பாமலே.

"யாருமில்ல. விடு."

"எகிடியுஸா?"

தட்டல் நின்றது. எகிடியுஸ் அடுத்த வாரம் மோதப்போகும் அணியின் கோச்.

"ஆமா. அவன்கிட்டயும் பேசினேன்."

"எவ்வளவு நாளா என்னை விக்கிறே?"

வீகாந்தாஸ் கொத்தை வாளியில் போட்டார். கோபப்படுவார் என்று ரிம்விதாஸ் காத்திருந்தார், பதிலுக்குக் கத்த வார்த்தைகூடத் தயாராக இருந்தது. அவரோ துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டார்.

"இதை நீ பின்லாந்துலயே கேட்டிருக்கலாம். இத்தனை வருஷம் மிச்சமாயிருக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மறுநாளே ரிம்விதாஸ் தலைவரிடம் பேசி வீகாந்தாஸை வேலையிலிருந்து எடுத்துவிட்டார். தலைவர் தோளில் தட்டினார். அன்று பெட்டியைக் குனிந்து பார்க்கக்கூட இவருக்குத் தோன்றவில்லை.

காட்டிக்கொடுத்தவன் போய்விட்டான், இனி ஜெயிக்க வேண்டியதுதானே? எகிடியுஸின் அணியோடு ஆட்டம் தொடங்கியது. ரிம்விதாஸ் காதைத் தொட்டார். வலது மூலையில் ஆள் நின்றான். முஷ்டியைத் தலையில் வைத்தார். கூடைக்கடியில் இரண்டு பேர். நெற்றி வியர்வையைத் துடைக்கக்கூடப் பயந்து கையைப் பையில் விட்டுக்கொண்டார். இரண்டாம் பாதியில்தான் எதிர் பெஞ்சைச் சரியாகப் பார்த்தார். எகிடியுஸ் தன் காதைத் தொட்டான். அவன் அணியின் பந்து வலது மூலைக்குப் பறந்தது.

ஆட்டம் முடிந்ததும் எகிடியுஸ் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டான். போலந்தில் இவரிடம் ஆடியவன்.

"கோச், உங்களை எதிர்த்து ஜெயிக்கறது மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

"என் சைகையை உனக்கு யாருடா சொன்னது?"

எகிடியுஸ் விளங்காமல் பார்த்தான். "யாரு சொல்லணும்? நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க! நான் மட்டுமா? இந்த லீக்ல பாதிக் கோச்சுங்க ஏதாவது ஒரு ஊர்ல உங்ககிட்ட ஆடினவங்கதான். எல்லாருமே இதைத்தான் வெச்சிருக்கோம்."

ரிம்விதாஸ் தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"வீகாந்தாஸ் உங்ககிட்ட சொல்லலியா? பாவம், அவர் எங்க ஒவ்வொருத்தனுக்கும் போன் பண்ணிக் கெஞ்சினாரு. 'பெரியவர் கையைப் பாக்காதீங்கடா, அவர் மனசு தாங்காது'ன்னு. எப்படி கோச் பாக்காம இருக்கறது? சின்ன வயசுலேருந்து உங்க கையைப் பாத்தே பழகிட்டோம்."

வெட்கம் ரிம்விதாஸைப் பிடுங்கித் தின்றது. மறுநாள் ஊருக்கு வெளியே இருக்கும் வீகாந்தாஸின் தோட்டத்துக்குக் காரை ஓட்டினார். மார்ச் மாதம், பூர்ச்ச மரங்களில் குழாய் செருகிச் சாறு இறக்கும் சமயம். வீகாந்தாஸ் ஒரு மரத்தடியில் குந்தி வாளியை மாற்றிக்கொண்டிருந்தார். ரிம்விதாஸ் படலுக்கு வெளியே நின்று வலது கையைத் தலைக்குமேல் தூக்கினார். தூக்கினபடியே நின்றார்.

வீகாந்தாஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"இறக்கு. தோள்பட்டை வலி இருக்குல்ல உனக்கு?"

உள்ளே விட்டு, ஒரு தம்ளர் சாறு மொண்டு கொடுத்தார். ரிம்விதாஸ் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"திரும்பி வா. தலைவர்கிட்ட நான் பேசறேன்."

"முடியாது, ரிமாஸ். எகிடியுஸ் காலையில கூப்பிட்டான். சரின்னுட்டேன். திங்கட்கிழமை சேரறேன்."

அத்தனை மாதங்கள் இவர் பயந்தது இதுதான். வீகாந்தாஸ் எதிர் பெஞ்சில் உட்காரப்போகிறார். உட்கார வைத்தது யார் என்பதில் இந்தமுறை ரிம்விதாஸுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கண் கலங்கியதை மறைக்கச் சாற்றை ஒரே மடக்கில் குடித்தார். பல் கூசியது.

வீகாந்தாஸ் காலித் தம்ளரை வாங்கிக்கொண்டார்.

"மிச்சம் இருக்கற ஆட்டத்துக்காவது புதுசா சைகை கண்டுபிடி" என்றார். "கண்டுபிடிச்சா எங்கிட்ட காட்டிடாதே."