செபத்தின் மறுபாதி

இரண்டாயிரத்து நான்கில் லண்டன் ஹரோவில் நாங்கள் குடியிருந்த மேல்மாடிக்கு நேர் கீழே ஒரு வயதான ஐரிஷ் தம்பதி இருந்தார்கள். மாலையானால் கீழே செபமாலை தொடங்கிவிடும், அதுவும் ஐரிஷ் மொழியில். முன்பாதியை அந்த அம்மா சொல்வார், பின்பாதியைக் கிழவர் சொல்வார். நாங்களும் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர், செபமாலையின் நடை எந்த மொழியிலும் பிடிபட்டுவிடும். தளமோ வெறும் பலகை. கேட்டுக் கேட்டுக் கிழவருடைய பாதி முழுவதும் எனக்குப் பாடமாகிவிட்டது. அர்த்தம் மட்டும் மருந்துக்கும் தெரியாது.

ஒருநாள் கிழவர் இறந்துபோனார். முன்னறையில் சவப்பெட்டி. நாங்களும் போயிருந்தோம். அவரை ஐரிஷ் மொழியிலேயே வழியனுப்ப வேண்டும் என்பதுதான் அந்த அம்மாவின் ஒரே ஆசை. ஆனால் ஒருவர் சொல்ல இன்னொருவர் பதில் சொன்னால்தானே செபமாலை? பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான் வரும். அயர்லாந்திலிருந்து வந்த உறவினர்களோ ஐரிஷைப் பள்ளியில் அடிவாங்கிப் படித்து, பள்ளிக்கூடப் படலையைத் தாண்டியதும் மறந்தவர்கள்.

அம்மா தன் பாதியைச் சொல்லி நிறுத்தினார். எல்லோரும் கையிலிருந்த சாண்ட்விச்சைப் பார்த்தார்கள். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நான் வாயெடுக்கப் போவது தெரிந்து என் மனைவி விலாவில் கிள்ளினாள்.

“இஞ்சாருங்கோ, பேசாம இருங்கோ. செத்த வீட்டில மானம் போகப் போகுது.”

“ஒருத்தரும் சொல்லுறாங்கள் இல்லையே. பாவம் மனுசி.”

சொல்லிவிட்டேன். கிழவரின் இராகத்திலேயே, ஒன்றும் விடாமல்.

பதில் சொல்லத் தெரியாதவர்களுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்ல மட்டும் தெரிந்தது. தெற்கு அயர்லாந்துக்காரர் அது வடக்குப் பேச்சு என்றார். வடக்குப் பெண்மணி, இல்லை, அது ஸ்காட்லாந்தின் கேலிக் என்றார். ஸ்காட்லாந்து மருமகன் அதை மான் தீவின் மாங்ஸ் ஆக்கினார். மூன்றும் ஒருதாய்ப் பிள்ளைகள், குழப்பம் வரத்தான் செய்யும் என்று விளக்கம் வேறு. அடுத்த வீட்டு வேல்ஸ்காரர் கையை விரித்தார். வெல்ஷும் கோர்னிஷும் பிரான்சின் பிரெத்தனும் சித்தப்பா பிள்ளைகள், வேறு கிளை. ஆனாலும் நடுவில் வந்த அந்தத் தொண்டைச் சத்தம் பிரெத்தனாக இருக்கலாம் என்றார்.

கெல்டிக் மொழிக் குடும்பமே கூடி என்னை அடுத்த வீட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. சென்னையில் நான் வாய் திறந்தால் “கேரளாவா சார்?” என்பார்கள், அது பழகிப்போன அவமானம். இங்கே என் கறுப்பு முகத்தைப் பார்த்தும் ஒருவருக்கும் நான் வெளியாள் என்ற சந்தேகம் வராததுதான் எரிச்சலாக இருந்தது.

“அது பிரெத்தனும் இல்லை, ஒன்றும் இல்லை” என்றார் அம்மா. “அந்த இடத்தில் அவர் எப்போதும் இருமுவார். சிகரெட்.”

நான் இருமலையும் செபம் என்றே பாடமாக்கியிருந்தேன். வெட்கத்தில் காது சுட்டது. அடுத்த முறை அதை விட்டுவிடுகிறேன் என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார். “விட்டுவிடாதே.”

மறுபடி தன் பாதியைத் தொடங்கினார். நான் பதில் சொன்னேன். இருமல் வந்த ஒவ்வொரு முறையும் அவர் பெட்டியின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.