நல்ல தண்ணீர்க் குளத்தின் படிகள்

அவலூர்பேட்டை மண்டியை விட்டு செஞ்சி ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். மூட்டை தூக்கும்போது என் வலது கால் இழுக்கிறது என்று மண்டிக்காரர் அன்று காலை வேறு ஆளைச் சேர்த்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கால் இழுத்தது உண்மைதான்.

முந்தின வருஷம் அந்தக் காலில் நரம்புச் சிலந்தி வந்திருந்தது. கொப்புளம் உடைந்து நூல் மாதிரி ஒரு புழு தலைகாட்டும். அதை ஈர்க்குச்சியில் சுற்றி நாளுக்குக் கொஞ்சமாக இழுக்க வேண்டும். எனக்கு அது பாதியில் அறுந்து சீழ் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்தபோது கணுக்கால் மடங்கவில்லை. அங்கே புண்ணுக்குக் கட்டுப் போட்டவர்தான் காரணம் சொன்னார். புழு வந்த காலைக் குளத்தில் வைத்தால் அதன் குஞ்சுகள் தண்ணீரில் இறங்கும். தூசி போன்ற பூச்சி ஒன்று அவற்றைத் தின்னும். அந்தப் பூச்சியோடு தண்ணீர் குடிக்கிறவனுக்கு அடுத்த வருஷம் காலில் புழு. சொல்லி முடிக்க ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இதைச் சொல்ல எந்த ஊரிலும் ஒருவனும் இல்லையே என்று அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

சித்திரை வெயில். கோட்டை மலை தெரியத் தொடங்கிய இடத்தில் ஒரு குளம். குடிக்க மட்டும் மொள்ளும் குளம். மாடுகூட இறக்க மாட்டார்கள். கடைசிப் படியில் ஒருவன் ஒரு காலை முழங்கால்வரை தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருந்தான். காலில் ஈர்க்குச்சி கட்டியிருந்தது. பக்கத்திலேயே அவன் மனைவி குடத்தின் வாயில் துணி கட்டித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“காலை எடுப்பா. இது குடிக்கிற தண்ணி,” என்றேன்.

“எரியுதுண்ணா. தண்ணில வச்சாத்தான் அடங்குது. எங்க நைனாவும் இங்கதான் வச்சாரு.”

“உனக்கு வந்ததே அதனாலதான்.”

அவன் சிரித்தான். “தோ பார்றா, டாக்டரு நடந்தே வந்துட்டாரு.”

அவள் சிரிக்கவில்லை. “வூட்ல எல்லாரும் படுத்துட்டாங்கண்ணா. மாமியாருக்கும் கால்ல வந்துடுச்சி. நான் ஒருத்திதான் கடலைக் கொல்லைக்கு மல்லாட்டை புடுங்கப் போறேன். எனக்கும் வந்துட்டா அடுத்த வருசம் உலை வைக்க ஆளில்ல. அதான் ஜீப்புல வந்த ஆஸ்பத்திரிக்காரங்க குடுத்த துணிய, அவங்க சொன்னாப்புல கட்டித்தான் மொள்றேன்.”

சொல்லிக்கொண்டே துணியை அவிழ்த்து, உதறாமல் திருப்பிக் கட்டி, அடுத்த சொம்பை ஊற்றினாள்.

“ஏம்மா திருப்பிப் போட்ட?”

“அந்தப் பக்கம் அழுக்காயிடுச்சே. சுத்தமான பக்கத்துல வடிகட்டினா நல்லதுதானே?”

முதல் பக்கத்தில் தங்கிய அத்தனையும் குடத்துக்குள் போனது. துணி கொடுத்தவர்கள் வடிகட்டு என்றார்கள். எதை என்று சொல்லவில்லை. அழுக்குக்குப் பயந்த பெண் தன் கையாலேயே புழுவை வீட்டுக்குச் சுமந்துகொண்டிருந்தாள். நான் குடத்தைப் பிடுங்கிப் படியில் கவிழ்த்தேன். புருஷன் கத்தினான். கூட்டம் சேர்ந்தது. பஞ்சாயத்து மெம்பர் வந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் படியில் இறங்க வேண்டாம், நானே நின்று எல்லாருக்கும் மொண்டு ஊற்றுகிறேன், சோறு போட்டால் போதும் என்றேன்.

மெம்பர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அது சரி. நீ இன்னா ஆளு?”

அவள் புருஷனின் சீழ் வடிகிற கால் அப்போதும் தண்ணீரில்தான் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார்கள்.

“சொல்ல மாட்டேன்,” என்றேன்.

“அப்ப தண்ணியத் தொடாத.”

“தொடல. இவன் காலு தொடலாமா?”

அந்தப் பெண்தான் பேசினாள். “மெம்பரே, படிய அடைச்சி மேல தண்ணி சேந்த ராட்டினம் போடுறேன்னு கல்லு இறக்கினீங்களே, அது இன்னா ஆச்சி?”

கரையில் கருங்கல் குவியல் முள் மண்டிக் கிடந்தது.

“எல்லாரும் மல்லாட்டைக்குப் போயிட்டாங்க. கூலிக்கு ஆளு எங்க?” என்றார் மெம்பர்.

“எனக்கு வந்தப்புறம் கட்டுவீங்களா?” என்றாள். புருஷனிடம் திரும்பி, “ஏந்திரி,” என்றாள். அவன் முனகிக்கொண்டே காலை எடுத்தான். அவள் துணியைக் காய்ந்த தரையில் உதறி, எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று என்னிடம் கேட்டு, அதன் மூலையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை மெம்பர் ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தார். கூலிக்கு வேறு ஆள் இல்லாததால் நான் கல் சுமக்கச் சேர்ந்தேன். கல் தூக்குகிறவனை யாரும் இன்னா ஆளு என்று கேட்கவில்லை. காலை இழுத்துக்கொண்டே முதல் கல்லைக் கடைசிப் படிக்குக் கொண்டுபோய்ப் போட்டேன்.