போதும் என்று சொல்லாத மூளை

செங்கோட்டையனைப் போல ஓர் ஆள் கிடைக்காதா என்று நாமகிரிப்பேட்டைப் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர்கள் ஏங்கினார்கள். பண்ணைக் கேட்டில் நின்று, உள்ளே வரும் லாரிச் சக்கரங்களுக்குக் கிருமி மருந்து அடிப்பது அவர் வேலை. மற்றவர்கள் ஒரு தரம் அடிப்பார்கள். இவர் ஏழு தரம். நடுவில் எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து. முதலாளி மோகன்குமாரின் காரே ஒருநாள் முக்கால் மணி நேரம் கேட்டில் நின்றது. அவர் கோபப்படவில்லை. அந்தப் பொங்கலுக்குச் சிறந்த பணியாளர் என்று கேடயம் கொடுத்தார்.

வீட்டில் கேடயத்துக்கு மரியாதையில்லை. நாளுக்கு நாற்பது தரம் கழுவிக் கழுவி அவர் கைத்தோல் வெடித்திருந்தது. பண்ணைக் கிருமி ஒட்டிக்கொள்ளுமோ என்று ஏழு மாதப் பேத்தியை ஒருமுறைகூடத் தூக்கியதில்லை. பாவம், தூரத்தில் நின்றே கொஞ்சுவார்.

கோயில் பூசாரி, முனி அடித்திருக்கிறது என்றார். மனைவி பூவாத்தாள் திமிர் என்றாள். மகள் தனப்பிரியாதான் சேலத்தில் மனநல மருத்துவரிடம் இழுத்துப் போனாள்.

மருத்துவர் மூளையை வரைந்து காட்டினார். "ஆபத்துன்னு மூளை எச்சரிக்கும். வேலை முடிஞ்சதும் போதும்னு அடங்கணும். உங்களுக்கு அந்தச் சுற்று அடங்காம ஓடிட்டே இருக்கு. செரோடோனின்னு ஒரு ரசாயனத்துக்கும் பங்கு இருக்கலாம், பரம்பரையாவும் வரலாம். முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது. ஆனா இது உங்க தப்பில்லை."

செங்கோட்டையன் அழுதுவிட்டார். பூவாத்தாள் காதில் பரம்பரை மட்டுமே விழுந்தது.

"நாஞ் சொல்லுல? எங்க மாமனாரும் ஊட்டப் பூட்டிப்போட்டு, பூட்டுனமான்னு பாக்கப் பாதி வழில திரும்பி வருவாருங்க!"

புருஷன் வீட்டாரைப் பற்றிய இருபது வருடச் சண்டையில் விஞ்ஞானமே அவள் கட்சிக்கு வந்துவிட்டது.

மாத்திரையோடு, கழுவாமல் பொறுத்திருக்கும் பயிற்சியும் தொடங்கியது. முதலில் நரகம்தான். மூன்று மாதத்தில் ஏழு தரம் ஒன்றானது. இப்போது மோகன்குமாருக்குத்தான் நிம்மதி போயிற்று. மருந்து அடித்த லாரியை அவரே சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏனுங்க, அந்த மாத்திரைய ஞாயித்துக்கிழமை மட்டும் போட்டுக்கிட்டா ஆவாதுங்களா? வேலை நாள்ல பழையபடி இருங்க."

"வேலை நாள்லயும் நான் ஊட்டுக்குப் போவோணுமுங்களே" என்றார் செங்கோட்டையன்.

அன்று மாலை ஒரே தரம் சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டுப் பேத்தியைத் தூக்கினார். பழகாத கை, குழந்தை வீறிட்டு அழுதது. அவர் இறக்கிவிடவில்லை.