அண்ணே என்றே கூப்பிடட்டும்

சுங்கைப் பட்டாணியில் எங்கள் வீட்டில் ‘அப்பா’ என்ற சொல் யார் வாயிலும் வரக்கூடாது என்று கொஞ்ச காலம் சட்டம் இருந்தது. சட்டம் போட்டவள் நான். அதை அதிகம் மீறியவளும் நான்தான்.

எங்கள் பிள்ளைகள் வேலைக்கென்று பினாங்குக்குப் போன பிறகு, வளர்ப்புப் பெற்றோராக இருக்க நாங்கள் பதிந்திருந்தோம். அப்படித்தான் அந்த எட்டு வயதுப் பெண் வந்தாள். பெற்ற தகப்பன் கையில் அவள் பட்டதைச் சமூகநல அதிகாரி சுருக்கமாகத்தான் சொன்னார். அந்தச் சுருக்கமே எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காமல் செய்தது.

வந்த அன்று சாயங்காலம் என் கணவரின் மோட்டார் சத்தம் கேட்டது. “அப்பா வந்துட்டாரு பாரு, போய்க் கதவத் திற” என்றேன். பிள்ளையும் ஆம்பளையும் இருக்கிற வீட்டில் தமிழச்சிக்கு வேறு என்ன வாயில் வரும்? அவள் ஓடிப்போய் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டாள். கவுன் நனைந்திருந்தது. ஹெல்மட்டைக் கையில் பிடித்தபடி அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“நான் வெளியவே சாப்பிட்டுக்கிறேன்லா” என்றார். அன்றிலிருந்து சாப்பாடு, தேத்தண்ணி எல்லாம் அவருக்கு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில்தான். தோட்டங்களில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். நாள் முழுக்க வெயிலில் வெந்துவிட்டு வந்து, சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். அவர் மேல் இல்லை, பிள்ளை மேலும் இல்லை. எங்கோ இருக்கிற அந்த மனுசன் மேல்.

அந்தச் சொல்லை வீட்டிலிருந்து எடுப்பதும் லேசாக இல்லை. அலுத்து உட்கார்ந்தால் ‘அப்பாடா’. கை சுட்டால் ‘அய்யோ அப்பா’. ரொட்டிக்காரரைக்கூட ‘என்னப்பா’ என்றுதான் கூப்பிடுகிறோம். ஒவ்வொரு தடவையும் அவள் தோள் தூக்கிப்போடும். செபத்தில் ‘தந்தை’ என்று வருவதால் அங்கே மட்டும் தப்பித்தோம்.

சில மாதம் பார்த்துவிட்டு அதிகாரி தன்மையாகவே சொன்னார்: “வீட்டுல ஆம்பள இருக்கிறது அவளுக்கு ஒத்து வரலன்னா, பொம்பளப் பிள்ளைங்க விடுதிக்குத்தான் மாத்தணும்.” அன்று ராத்திரி என் கணவர், யான் ஊரில் இருக்கும் தம்பி வீட்டில் போய் இருந்துகொள்கிறேன் என்றார். நான் சண்டை பிடித்தேன். பிள்ளையையும் விட முடியவில்லை, இவரையும் அனுப்ப முடியவில்லை.

லோரியில் கூட வேலை செய்யும் பையன்கள் காலையில் கேட்டில் நின்று “அண்ணே” என்று கூப்பிடுவார்கள். அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள் போலிருக்கிறது. ஒரு நாள் ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: “அண்ணே, சோறு வெச்சிருக்கு.”

ஐம்பத்தைந்து வயதில் எட்டு வயதுத் தங்கச்சி. அவர் திரும்பிப் பார்க்காமல் “சரிம்மா” என்றார். அன்று தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை.

என் நாத்தனாருக்கு இது பொறுக்கவில்லை. “முறை கெட்டுப் போச்சே. அவரு அண்ணேன்னா நீ யாரு, அண்ணியா?”

“இருந்துட்டுப் போறேன்லா” என்றேன். முறை ஒழுங்காக இருந்த வீட்டில் அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்க நினைத்தேன். பிள்ளை பக்கத்திலேயே இருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

‘அண்ணே’ வந்த பிறகு நாற்காலி மெல்ல வீட்டுக்குள் வந்தது. ஆனாலும் அவர் இருமினால் அவள் அறைக்குள் போய்விடுவாள். விடுதிப் பேச்சும் அப்படியே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்காரன் பிரேக்கைச் சரியாகப் பார்க்காமலே லோரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். இவர் போனில் கத்தினார். கத்திக்கொண்டே மேசையில் ஓங்கி அடித்தார். எல்லாம் போச்சு என்று நினைத்து அடுக்களையிலிருந்து ஓடி வந்தேன்.

அவள் ஒளியவில்லை. அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணே, கத்தாதீங்க. எனக்குப் பயமா இருக்கு.”

அவர் போனை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். “தப்புத்தான்மா. இனி கத்தல.”

அவள் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு பள்ளிப் பையைக் கொண்டுவந்து அதே மேசையில் எதிரே உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தாள். மறுநாள் போனில் இதைக் கேட்ட அதிகாரி, “அவ அங்கேயே இருக்கட்டும்” என்றார். என் கணவரை இன்னொருவர் அதட்டி எனக்குச் சந்தோசம் வந்தது அன்றைக்கு மட்டும்தான். பயமாக இருக்கிறது என்று அவள் அதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. முதன்முதலில் சொன்னது, கத்திக்கொண்டிருந்த ஒரு ஆம்பளையிடம்.