கிருபா வாய் திறந்த பதினெட்டு நாட்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பீளமேட்டில் இருபத்திரண்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவளுக்குக் கோபம் வராமல் பின்னே என்ன வரும்? விடிந்தது முதல் ஆளாளுக்கு என் வண்டியின் கிளட்ச்சை மிதித்துக் கொல்கிறார்கள். ஆகவே கிருபாவைப் பற்றி எழுதும்போதும் கொஞ்சம் சூடு பறக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிருபா என் ஆபீசுக்கு மேல்மாடியில் அம்மாவோடு குடியிருக்கிறாள். வயது முப்பத்து நான்கு. பார்த்தால் பேங்க் கவுண்ட்டரில் உட்காரும் பெண் மாதிரிதான் இருப்பாள். ஆனால் நூற்றெண்பது பேரை வைத்து ஏர்பஸ் ஓட்டுகிறவள். கேப்டனுக்கு வலது பக்கம் உட்காரும் துணை விமானி, ஏழு வருட அனுபவம். அம்மா சின்னாத்தாள் தொண்டாமுத்தூர்ப் பக்கம் அடுத்தவர் தோட்டங்களில் களை பறித்து மகளைப் படிக்க வைத்தவர். இதை கிருபா மறைக்கவும் மாட்டாள், மேடை போட்டுச் சொல்லவும் மாட்டாள்.

அவள் வேலை பார்த்த கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் எனக்கு ரத்தக்கொதிப்புதான் ஏறும். முதலில் இன்ஜின் பழுது என்று நாலு விமானத்தை ஓரங்கட்டினார்கள். அப்புறம் வாடகைக்குக் கொடுத்தவன் வந்து ஆறு விமானத்தை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். கடைசியில் விமானிகளுக்கு ஒரு கடிதம் வந்தது: மறு அறிவிப்பு வரும்வரை சம்பளமில்லாத விடுப்பு. வேலையை விட்டுத் தூக்கியிருந்தாலாவது ஒருநாள் உட்கார்ந்து அழுது தீர்க்கலாம். இது அப்படியும் இல்லை, இப்படியும் இல்லை. ராஜினாமா செய்தால் பணிமூப்பு வரிசையில் இருக்கிற இடம் போய்விடும். செய்யாவிட்டால் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் மாடியிலேயே கிடந்தாள். எங்கள் தெருவுக்கு மேலேதான் விமானங்கள் இறங்கும். ஒவ்வொன்று போகும்போதும் மேலே அவள் காலடிச் சத்தம் ஜன்னல் வரை போய் நிற்பது எனக்குக் கீழே கேட்கும். மூன்றாவது வாரம் படியிறங்கி வந்து, "சஃபியாக்கா, உங்க ஸ்கூல்ல சொல்லிக்குடுக்க ஆளு வேணுமுங்களா?" என்று கேட்டாள்.

"விளையாடறியா கண்ணு? பிளேன் ஓட்டற புள்ள, மாருதிக்குக் கியர் போடச் சொல்லிக்குடுக்குமா?"

"சும்மா இருந்தா தலை கெட்டுப்போயிருமுங்க்கா. அம்மா மொகத்தப் பாக்க முடியல."

அன்றே அவளைப் பயிற்சியாளராகப் பதிவு செய்ய விண்ணப்பம் போட்டேன். அடுத்த மாதம் வகுப்பு எடுக்க ஆரம்பித்தாள். வந்தவர்கள் எல்லோரும் கிருபா வகுப்புதான் வேண்டும் என்று நின்றார்கள். நான் கத்துவேன், அவள் கத்த மாட்டாள். வித்தியாசம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை வகுப்பு கிடையாது. அந்த நேரத்தில் என் ஆபீசின் பின்னறை விமானமாகிவிடும். விமானத்தின் முன்பக்கத்து மீட்டர்கள், பொத்தான்கள் அத்தனையையும் அச்சடித்த பெரிய தாளைச் சுவரில் ஒட்டியிருந்தாள். அதன் முன் இரண்டு நாற்காலி. அவள் நாற்காலியின் வலது கைப்பிடியில் ஒரு பழைய கியர் ராடைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தாள். அதுதான் விமானத்தை ஓட்டும் ஸ்டிக். இடது நாற்காலியில் கேப்டனாக நான். அவள் எழுதித் தந்ததை நான் படிக்க வேண்டும், அவள் தாளில் இருக்கிற பொத்தானைத் தொட்டுப் பதில் சொல்ல வேண்டும். பத்தாங்கிளாஸைத் தாண்டாத நான் பிரியாணி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு "லேண்டிங் கியர்?" என்று கேட்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இப்படியே பதினான்கு மாதம் போயிற்று. அப்புறம் ஒரு புதன்கிழமை கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. மூன்று விமானங்களை மறுபடி பறக்கவிடப் போகிறார்களாம். பதினெட்டு நாள் கழித்து பெங்களூரில் சிமுலேட்டர் பரீட்சை. அசல் விமானம் மாதிரியே ஆடும், குலுங்கும் அந்தக் கூண்டுக்குள் வைத்து, இன்ஜினை அணைத்து, காற்றைக் கிளப்பி, என்ன செய்கிறாய் என்று பார்ப்பார்கள். தேறினால் பெயர் பட்டியலில் நிற்கும். தவறினால் பெயரை எடுத்துவிடுவார்கள். இன்னொரு வாய்ப்பு கிடையாது.

"ஒரே நாளுங்க்கா. ஏழு வருசமும் அந்த ஒரு நாளு கையில இருக்குது," என்றாள்.

மறுநாள் காலை ராசாத்தாள் அம்மா வந்து இறங்கினார். ஆர்.எஸ்.புரத்தில் பட்டுக்கடை, பொள்ளாச்சி ரோட்டில் தென்னந்தோப்பு, கழுத்து நிறைய நகை, மனசு நிறைய ரோஷம். கிருபாவிடம் ஒரு மாதம் படித்து லைசென்ஸும் வாங்கிவிட்டார். முதல்முறையாகச் சொந்த வண்டியை எடுத்து, சொந்த வீட்டுக் கேட் தூணிலேயே போய் முட்டியிருக்கிறார்.

"ஏனுங் சஃபியா, உங்க வண்டி மட்டும் எப்படி நெனச்ச எடத்துல நின்னுச்சு? என்ற வண்டி நிக்கவே மாட்டேங்குது! கம்பெனிக்காரனக் கூப்பிட்டுக் கேட்டா பிரேக்கு நல்லாத்தான் இருக்குதுங்கறான்!"

எனக்குப் புரிந்துவிட்டது. பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். ராசாத்தாள் அம்மா நிறுத்தத் தவறிய ஒவ்வொரு இடத்திலும் கிருபாவின் கால் சத்தமில்லாமல் அதை மிதித்திருக்கிறது. தான்தான் நிறுத்தினோம் என்று அந்த அம்மா மாதம் முழுக்க நம்பியிருக்கிறார். அவரைச் சமாதானப்படுத்தி, மறுபடி இலவசமாகச் சொல்லித் தருகிறேன் என்று அனுப்பிவைத்தேன். கிருபாவை இழுத்து உட்காரவைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அவங்க மனசு நோகக்கூடாதுன்னு செஞ்சுபோட்டேனுங்க்கா," என்றாள்.

அன்று மத்தியானம் பின்னறையில் உட்கார்ந்தோம். கேப்டன் விமானத்தை இறக்குகிறார், வேகம் குறைந்துகொண்டே போகிறது, ஆனால் அவர் கவனிக்கவில்லை. துணை விமானி என்ன செய்ய வேண்டும்? இதுதான் பாடம். நான் தாளைப் பார்த்து, "வேகம் அஞ்சு கொறஞ்சிருச்சு. பத்து கொறஞ்சிருச்சு," என்று படித்தேன்.

பதில் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் அவள் வலது கை கியர் ராடை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. வாய் மூடியே இருந்தது. தன் கையைத் தானே பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"போச்சுங்க்கா," என்றாள்.

"என்ன போச்சு? சரியாத்தானே தள்ளுனே?"

"தள்ளக்கூடாதுங்க்கா. ஏர்பஸ்ஸுல ரெண்டு பேருக்கும் தனித்தனி ஸ்டிக்கு. கேப்டன் ஓட்டறப்ப நானும் அசைச்சா, ரெண்டும் ஒண்ணாச் சேந்துரும். ஆரு ஓட்டறாங்கன்னே தெரியாது. அப்ப வாயத் தொறந்து சொல்லோணும். சொல்லியும் கேக்கலைன்னா, 'நான் எடுத்துக்கறேன்'னு சத்தமாச் சொல்லிட்டுத்தான் கை வெக்கோணும். சொல்லாம அசைச்சா விமானமே 'டூயல் இன்புட்'னு கத்தும். பரீட்சையில அது கத்துச்சுன்னா என்ற கதை முடிஞ்சுது."

யா அல்லா! அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிழைப்புக்கு வழி காட்டுகிறோம் என்று நான் கொடுத்த வேலையே அந்தப் பெண்ணின் கையைக் கெடுத்துவைத்திருக்கிறது. பதினான்கு மாதம், தினமும் ஏழெட்டுப் பேர், எத்தனை முறை வாயைத் திறக்காமல் மிதித்திருப்பாள்! "நாளையிலிருந்து வண்டியில ஏறாதே கண்ணு, நான் பாத்துக்கறேன்," என்றேன்.

"ஏறாம இருந்தா எப்படிங்க்கா சரியாகும்? கெட்ட எடத்துலதான் சரி பண்ணோணும்." நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். அப்புறம், "ராசாத்தாள் அம்மாவ எனக்கே குடுங்க," என்றாள்.

"வேற ஆளா கெடைக்கல? அந்தம்மாகிட்டக் கத்திப்போட்டு நான் கடையைச் சாத்தறதா?"

"அவங்ககிட்டத்தான் எனக்கு வாய் வர மாட்டேங்குது. காலேஜ் பசங்கள நான் ரெண்டு வார்த்த சொல்லித்தான் இருக்கறேன். இந்த மாதிரிப் பெரிய ஊட்டு ஆளுங்களப் பாத்தா ஒரு வார்த்த வர்றதில்ல. எங்கம்மா அவங்க மாதிரி ஊட்டுத் தோட்டத்துல குனிஞ்சு நிமிந்தவங்க. வரப்புல எதுக்க வந்தா ஒதுங்கி நிக்கோணும், வாயே தொறக்கக்கூடாது. அதப் பாத்து வளந்த ஒடம்புங்க்கா இது. கேப்டன் சீட்டுலயும் பெரிய மனுசங்கதான் உக்காந்திருப்பாங்க."

அப்படி ஒதுங்கி நிற்க வைத்தவர்கள் மேல் வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல், டீ கொண்டுவந்த ஆளிடம் சர்க்கரை போதவில்லை என்று எரிந்து விழுந்தேன்.

மூடிக் கிடக்கும் ஒரு மில்லுக்குப் பின்னால் பெரிய மைதானம் உண்டு. மோதுவதற்கு அங்கே ஒரு மரம்கூடக் கிடையாது. தினமும் காலை ஆறு மணிக்கு ராசாத்தாள் அம்மாவை அங்கே கூட்டிப்போனாள் கிருபா. நான் பின்சீட்டில். கால் தானாகப் பிரேக்குக்குப் போகக்கூடாதென்று கிருபா செருப்பைக் கழற்றிவிட்டுச் சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். தூரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, அதைத் தாண்டக்கூடாது என்று ஏற்பாடு.

முதல் நாள் கயிறு நெருங்கியது. கிருபாவின் முழங்கால் துடித்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு போனோம். இரண்டாம் நாளும் அறுத்தோம். மூன்றாம் நாள், "அம்மா... கொஞ்சம்... பிரேக்குங்க," என்று வந்தது. அதற்குள் கயிறு பின்னால் கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "நீ விண்ணப்பம் எழுதி முடிக்கறதுக்குள்ள வண்டி உக்கடம் போயிரும்டி!" என்று கத்தினேன்.

ஐந்தாம் நாள் ராசாத்தாள் அம்மா கடைக்கணக்குப் பிள்ளையைத் திட்டிக்கொண்டே வேகமாக ஓட்டினார். கயிறு வந்துவிட்டது.

"பிரேக்!"

மைதானத்து மைனாக்கள் எல்லாம் எழுந்து பறந்தன. வண்டி கயிற்றுக்கு நாலடி முன்னால் நின்றது. ராசாத்தாள் அம்மா மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

"ஏனம்மிணி, ஆரைப் பாத்துச் சத்தம் போடறே? என்ற ஊட்டுக்காரர்கூட இப்படிப் பேசுனதில்லே."

கிருபாவின் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் பார்வையை இறக்கவில்லை. "உங்களப் பாத்துத்தானுங்கம்மா. ஒரு மாசம் நாந்தான் மிதிச்சேன், உங்ககிட்டச் சொல்லாம ஏமாத்திப்போட்டேன். அது தப்பு. இன்னைக்கு நீங்களே நிறுத்துனீங்க."

ராசாத்தாள் அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே எட்டிப் பார்த்து, கிருபாவின் கால்கள் சீட்டின் மேல் இருப்பதைக் கண்டுகொண்டார். "நானா நிறுத்துனேன்?" என்றார். "நெசமாவா?" கியரைப் போட்டுக்கொண்டே, "செரி, இன்னொருக்கா போலாம். சித்த முன்னாடியே கத்து," என்றார்.

அதற்கப்புறம் எல்லா நாளும் கத்தல்தான். பத்து நாளில் அந்த அம்மா தூணைத் தொடாமல் வீட்டுக்குள் வண்டியை விட்டார். பின்னறையில் நான் எங்கே வேகத்தைக் குறைத்தாலும் கிருபாவின் வாய் முதலில் வந்தது, கை தொடையிலேயே கிடந்தது. சின்னாத்தாள் அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்து, "ஏனுங்க, புள்ள தூக்கத்துலயும் 'ஸ்பீடு, ஸ்பீடு'ங்குது," என்று கவலைப்பட்டார்.

பதினேழாம் நாள் கிருபா பெங்களூர் போனாள். பரீட்சையன்று காலை வகுப்பில் நான் யாரையும் திட்டவில்லை. எல்லோரும் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பகல் பன்னிரண்டே முக்காலுக்குப் போன் வந்தது.

"பேசிப்போட்டேனுங்க்கா," என்றாள்.

"அடியே, பாஸா ஃபெயிலா, அதச் சொல்லு மொதல்ல!"

"பாஸுங்க்கா."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். அவளோடு பரீட்சைக்கு உட்கார்ந்தவர் கேப்டன் வேங்கடசாமி. முப்பது வருடம் பறந்தவர், அவரும் அதே விடுப்பில் வீட்டில் இருந்தவர். கிருபா வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். ஒரு இன்ஜின் அணைந்த நிலையில் இறக்கும்போது வேகம் விழுந்தது. அவர் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். கிருபா "ஸ்பீடு" என்றாள். அவர் காதில் ஏறவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னாள். அதுவும் ஏறவில்லை. தரை ஐந்நூறு அடியில் வந்துகொண்டிருந்தது.

"மைதானத்துல கத்துன மாதிரியே கத்துனேனுங்க்கா. 'இறங்க வேண்டாம், மேல ஏறுங்க கேப்டன்'னு. தூக்கி வாரிப் போட்டுச்சு அவருக்கு. ஒடனே ஏத்திட்டாரு. ரெண்டாவது தடவ அழகா எறக்குனாரு. ரெண்டு பேருமே பாஸு. வெளிய வந்து, 'நல்லாக் கத்துனே அம்மிணி, நீ சும்மா இருந்திருந்தா ரெண்டு பேரும் மூட்டையக் கட்டியிருப்போம்'னாரு."

நான் அழுதேன். அழுகிறேன் என்று தெரியக்கூடாதென்று, "செரி, வேலைக்கு எப்ப வரச் சொன்னாங்க?" என்று அதட்டலாகக் கேட்டேன்.

அப்போதுதான் அதையும் சொன்னாள்: "இப்போதைக்கு ஒம்பது பேரத்தானுங்க்கா கூப்பிடறாங்க. வரிசையில நான் பதினொண்ணு."

நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்தக் கம்பெனியை, அதன் முதலாளியை, அவன் பரம்பரையை எனக்குத் தெரிந்த மூன்று பாஷையிலும் வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவள் நான் முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"அக்கா, நேத்து வரைக்கும் கூப்பிட்டாலும் போக முடியாத ஆளா இருந்தேன். இப்ப கூப்பிட்டா ஏறி உக்கார்ற ஆளு. இந்தப் பரீட்சை ஆறு மாசம் செல்லுமுங்க, அதுவரைக்கும் இத ஆரும் என்றகிட்ட இருந்து புடுங்க முடியாது. எனக்கு முன்னால இன்னும் ஒரே ஒருத்தர்தான் நிக்கறாரு." குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. "பஸ் ஏறிட்டேன், ராத்திரிக்குள்ள வந்துருவேன். நாளைக்குக் காலைல ஆறு மணி கிளாஸ் என்றதுதானே? வேற ஆருக்காவது குடுத்துப்போட்டீங்களா?"

கொடுத்துத்தான் இருந்தேன். அவள் இனி வரமாட்டாள் என்ற நம்பிக்கையில் ஆறு மணிக்கு நேராக என் பெயரைப் பலகையில் எழுதியிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, உள்ளங்கையால் அதை அழித்தேன்.

"உன்றதுதான் கண்ணு," என்றேன். "வந்து சேரு."